பேராயரின் வாழ்க்கையைப் பண்டிகை மலருக்கு எழுதுவது எப்படி

பேராயர் ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அவர் பேராயரான நாளில் போய் நின்றுகொள்கிறார்கள். பிறப்பும் படிப்பும் ஒரே பத்தியில் முடிந்துவிடும். பிறகு வகித்த பொறுப்புகள், திறந்துவைத்த கட்டடங்கள், பெற்ற விருதுகள் என்று பட்டியல் ஓடும். கால்டுவெல்லை இப்படி எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1814 மே 7-ல் பிறந்தவர். 1838 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கியவர். 1841 கடைசியில் இடையன்குடி போய்ச் சேர்ந்தவர். பேராயராக அபிஷேகம் பெற்றதோ 1877 மார்ச் 11-ல். அன்று அவருக்கு வயது 62. அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தின் முதற்பதிப்பு வெளிவந்து அதற்குள் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. பட்டத்தை நடுவில் வைத்தால் அந்த மனிதரின் முக்கால் வாழ்க்கை வாசலுக்கு வெளியே நின்றுவிடும்.

ஆகவே, பட்டம் ஏறுவதற்கு முன் இருந்த ஆளை எழுதுங்கள். பட்டம் ஏறிய பிறகு அவர் கை உங்கள் ஊர் வரை எப்படி எட்டியது என்பதை எழுதுங்கள். மற்றதையெல்லாம் திருமண்டல (பேராயரின் ஆளுகைப் பகுதி) அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகை சொல்லிக்கொள்ளும்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ராமேஸ்வரம் போகிற வழியில் உள்ள மண்டபம் என்ற ஊரில் குடியிருக்கிறேன். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் மலர் போடுகிற வழக்கம் இந்தக் கரையில் பல சபைகளுக்கு உண்டு. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் "டீச்சர், ஒரு பேராயரைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று வருவார்கள். எழுதித் தர மாட்டேன். எழுதும் வழியைச் சொல்லி அனுப்புவேன். அப்படி வாயால் சொல்லிவந்ததுதான் இது.

யாரை எடுப்பது

நம் கடற்கரையில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கத்தோலிக்கர்கள் அதிகம்; கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்றால் இஸ்லாமியர்கள். நம் தென்னிந்தியத் திருச்சபையின் சபைகள் சிறியவை. ஆகவே உங்கள் மலரை அடுத்த வீட்டுக் கத்தோலிக்கரும் புரட்டிப் பார்ப்பார், "உங்கள் பிஷப்புக்கு மனைவியா?" என்று கேட்பார். அதற்கும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

முதலில் ஆள் உண்மையிலேயே ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) பேராயர்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேர் ஸ்வார்ட்ஸையும் பிஷப் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் லுத்தரன் மிஷனரி. 1798-ல் இறக்கும்வரை பேராயர் ஆனதே இல்லை. நம் மதுரை ராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயரான லெஸ்லி நியூபிகினையும் ஆங்கிலிக்கன் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்த பிரெஸ்பிட்டேரியன். காஞ்சிபுரத்தில் வேலை செய்தவர். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் ஒன்றானதால் பேராயர் ஆனவர். அப்போது அவருக்கு வயது 37. அவரைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, தாராளமாக எழுதுங்கள். ஆனால் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார் என்பதைச் சரியாக எழுதுங்கள்.

எனக்குப் பிடித்தமானவர் அசரியா. வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழர், தெலுங்கு நாட்டில் பேராயராக வாழ்ந்து மடிந்தவர், இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். கீழே உதாரணம் வேண்டியபோதெல்லாம் அவரையும் கால்டுவெல்லையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறேன்.

தேதிகளை முதலில் கட்டுங்கள்

ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: பிறப்பு, ஞானஸ்நானம், டீக்கன் பட்டம், குருப்பட்டம், பேராயர் அபிஷேகம், ஓய்வு, இறப்பு, அடக்கம். ஆங்கிலிக்கன் முறையில் பட்டம் மூன்று படி. பழைய பொது ஜெப புத்தகத்தின்படி டீக்கனுக்கு 23 வயது, குருவுக்கு 24, பேராயருக்கு 30 நிறைந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு உங்களுக்குப் பெரிய துணை. 27 வயதில் பேராயரானார் என்று யாராவது எழுதியிருந்தால், பிறந்த ஆண்டிலோ பட்ட ஆண்டிலோ அச்சுப்பிழை இருக்கிறது என்று உடனே பிடித்துவிடலாம்.

அசரியாவின் தாள் இப்படி வரும். 1874 ஆகஸ்ட் 17 பிறப்பு. 1909-ல் டீக்கன், அதே ஆண்டுக் கடைசியில் குரு. 1912 டிசம்பர் 29 பேராயர். 1945 ஜனவரி 1 மறைவு. இதைப் பார்த்ததும் கேள்வி எழ வேண்டும். குருவாகி மூன்றே ஆண்டில் பேராயரா? அப்படியானால் 35 வயதை நெருங்கும்வரை பட்டம் இல்லாமல் என்ன செய்துகொண்டிருந்தார்? ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தையும், 1905-ல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கத்தையும் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். கட்டுரையின் வயிற்றுப்பகுதி அங்கே இருக்கிறது. தாளில் பெரிய இடைவெளி எங்கே விழுகிறதோ அங்கே தோண்டுங்கள்.

கால்டுவெல்லின் தாளில் வேறொரு சிக்கல். அவர் வந்தது லண்டன் மிஷன் ஊழியராக. அது ஆங்கிலிக்கன் அல்ல. சென்னையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்துக்கு மாறினார். மாறியதால் ஆங்கிலிக்கன் பட்டம் புதிதாகப் பெற வேண்டியிருந்தது. 1841-ல் உதகமண்டலத்தில், சென்னைப் பேராயர் ஸ்பென்சர் கையால் பெற்றார். மலர்களில் இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள். ஒருவர் சபை மாறினார் என்று எழுதினால் மரியாதைக் குறைவு என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியவில்லை.

இன்னொன்று, "பேராயரானார்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வகைப் பேராயர் என்று எழுதுங்கள். கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் 1877-ல் ஒரே நாளில் கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அபிஷேகம் பெற்றார்கள். முன்னவர் எஸ்.பி.ஜி. சபைகளுக்கு, பின்னவர் சி.எம்.எஸ். என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் சபைகளுக்கு. இருவரும் சென்னைப் பேராயர் ஃப்ரெடரிக் ஜெல்லுக்கு உதவிப் பேராயர்கள்தான். திருநெல்வேலிக்கு அன்று தனித் திருமண்டலம் கிடையாது. "திருநெல்வேலியின் முதல் பேராயர் கால்டுவெல்" என்று கல்வெட்டே வைத்தாலும் அது சரியாகிவிடாது. முதல் பேராயர் 1896-ல் வந்த சாமுவேல் மார்லி.

உங்கள் கரை யாருடைய ஆளுகையில் இருந்தது

இதை ஒரு தடவை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். 1814-லிருந்து இந்தியாவுக்கே ஒரு பேராயர், அவர் கல்கத்தாவில். ராமநாதபுரத்தில் நடக்கிற காரியத்துக்கும் கல்கத்தாவைத்தான் பார்க்க வேண்டும். முதல் நான்கு பேராயர்களும் பதவியில் இருக்கும்போதே இறந்தார்கள். இரண்டாமவரான ஹீபர் 1826 ஏப்ரல் 3-ல் நம் திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் மூழ்கி இறந்தார். 1835-ல் சென்னைக்குத் தனிப் பேராயர் வந்தார். 1896-ல் திருநெல்வேலி மதுரைத் திருமண்டலம் பிரிந்தது. ராமநாதபுரம் மாவட்டம் என்று ஒன்று பிறந்ததே 1910-ல். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வெட்டி எடுத்தார்கள். அதற்கு முந்தைய காகிதங்களில் "ராமநாதபுரம் மாவட்டம்" என்று தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் அகப்படாது; மதுரை மாவட்டம் என்றே இருக்கும். 1947-க்குப் பிறகு மதுரை ராமநாதபுரம் திருமண்டலம். மதுரைப் பக்கம் அமெரிக்க மிஷன், ராமநாதபுரம் பக்கம் எஸ்.பி.ஜி. என்று இரண்டு வேறு பழக்கவழக்கங்கள் ஒரு கூரைக்குள் வந்தன. பாட்டுப் புத்தகத்தில்கூட இந்த வேற்றுமை தெரிந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

திடப்படுத்தல் பதிவேடு

யாரும் திறந்து பார்க்காத புதையல் இது. திடப்படுத்தல் என்பது ஞானஸ்நானம் பெற்றவர் பிறகு தம் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு. ஆங்கிலிக்கன் முறையில் ஞானஸ்நானத்தைக் குருவானவர் கொடுக்கலாம், திருமணத்தை நடத்தலாம், அடக்கம் செய்யலாம். திடப்படுத்தலுக்கு மட்டும் பேராயர்தான் தலையில் கை வைக்க வேண்டும். ஆகவே உங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) யாராவது திடப்படுத்தப்பட்டிருந்தால், ஒன்று பேராயர் இங்கே வந்திருக்கிறார், அல்லது உங்கள் ஊர்க்காரர்கள் அவர் வந்த இடத்துக்குப் போயிருக்கிறார்கள். பேராயரின் வாழ்க்கையில் உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

பதிவேட்டைப் பார்க்கக் குருவானவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். பார்க்கும் நேரம் காலை பத்து, பதினொன்று. கடற்காற்றில் இரவெல்லாம் ஈரம் குடித்த தாள் விடியற்காலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏறிய பிறகு தானே விடும். மேஜையில் இரண்டு துண்டுகளை மடித்துப் போட்டு, அவற்றின் நடுவே பதிவேட்டின் முதுகு பதியும்படி வைத்து, பாதியளவே திறவுங்கள். முழுதாக விரித்து அழுத்தினால் தையல் அறுந்துவிடும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற பழக்கம் நம்மில் எல்லாருக்கும் உண்டு. அன்றைக்கு மட்டும் அதை மறந்துவிடுங்கள். ஒட்டிய பக்கங்களுக்கு இடையே தபால் அட்டை போன்ற மெல்லிய அட்டையை மேல் மூலையிலிருந்து மெதுவாக நுழைத்து நகர்த்துங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டையின் விளிம்பில் விரல் பட்டாலே தாள் உதிரும். பழைய கறுப்பு மை பல இடங்களில் தாளையே அரித்து, எழுத்து இருந்த இடம் எழுத்து வடிவிலேயே துளையாகியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பக்கத்தைப் பிடித்துத் தூக்காமல், அடியில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தால் அந்தத் துளையையும் படித்துவிடலாம்.

குறிப்பு எடுக்கப் பென்சில் மட்டும். பேனாவை வாசலிலேயே பையில் போட்டுவிடுங்கள். செல்போனில் படம் எடுக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். ஒவ்வொரு படத்திலும் பக்க எண் விழ வேண்டும். விழாவிட்டால் நாளைக்கு அந்தப் படம் எந்த ஆண்டுடையது என்று நீங்களே திண்டாடுவீர்கள்.

படிக்கும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று தமிழ் எண்கள். ஆண்டு ௧௮௭௭ என்று இருந்தால், க, அ, எ, எ என்று எழுத்துகளாகப் படித்துவிட்டு விழிக்கிறார்கள். ௧ ஒன்று, ௮ எட்டு, ௭ ஏழு, ஆக 1877. பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பாடத்துக்கு ஒரு நாள் இப்படி வேலை வருகிறது. மற்றொன்று கையெழுத்து. ஆங்கிலிக்கன் பேராயர்கள் குடும்பப் பெயரைப் போடாமல், முதற்பெயரோடு திருமண்டலத்தின் பெயரைச் சேர்த்துக் கையெழுத்திடுவது வழக்கம். ஃப்ரெடரிக் ஜெல் கையெழுத்து "எஃப். மெட்ராஸ்" என்ற முறையில் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு "மெட்ராஸ் என்ற வெள்ளைக்காரர் வந்திருக்கிறார்" என்று மலரில் எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்கள். ஜெல் 1861 முதல் 1898 வரை சென்னைப் பேராயர். அந்த ஆண்டுகளுக்குள் "எஃப்." என்று வந்தால் அவரேதான். பழைய ஏடுகளில் பேராயருக்கு அத்தியட்சர் என்ற பெயர்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கல்லறைகளும் கல்வெட்டுகளும் அடுத்த சாட்சி. உப்புக்காற்று தின்ற எழுத்தின்மேல் சுண்ணாம்போ சாக்குக்கட்டியோ தேய்க்காதீர்கள். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் போய் நில்லுங்கள். பக்கவாட்டில் விழுகிற வெயிலில் எழுத்து தானே நிழல் காட்டும்.

பெரியவர்களிடம் கேட்பது

"எந்த வருஷம் பேராயர் வந்தார்?" என்று கேட்டால் எழுபது எண்பது வயதுப் பெரியம்மாக்களுக்குச் சொல்லத் தெரியாது. "புயலுக்கு முன்னா, பின்னா?" என்று கேளுங்கள். இந்தக் கரையில் 1964 டிசம்பர் புயல்தான் காலண்டர். தனுஷ்கோடி போன பிறகா, போகும் முன்பா. பாலம் திரும்பக் கட்டுவதற்குள்ளா. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனபோதா என்று மடக்கி மடக்கிக் கேட்டால் இரண்டு மூன்று ஆண்டுக்குள் நெருங்கிவிடலாம். பிறகு பதிவேட்டில் போய்ப் பாருங்கள்.

என்ன சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். எங்கே தங்கினார், யார் வீட்டுக் கட்டில் போனது, எந்தப் பாட்டுப் பாடினார்கள் என்று கேளுங்கள். பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அது பேராயர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

வழியை எழுதாமல் விடாதீர்கள்

பேராயரின் வேலையில் பாதி பயணம். எப்படிப் போனார் என்று தெரியாமல் "சென்றார்" என்று எழுதினால் வாசகன் மனத்தில் ஒரு காரை ஓட்டிவிடுவான். கால்டுவெல் 1841-ல் சென்னையிலிருந்து கிளம்பித் தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சி வழியாக நீலகிரி ஏறி, மறுபடி இறங்கி மதுரை வழியாக இடையன்குடி வரை பெரும்பாலும் நடந்தே வந்தார். தென்னிந்தியாவில் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து ஓடியது 1856-ல். மக்கள் பேச்சையும் ஊர் வழக்கத்தையும் கண்ணால் பார்ப்பதற்காகவே அந்த நடை. பின்னால் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் அந்தப் புழுதி அடித்தளம் என்று ஒரு பத்தி எழுதலாம். அளவுக்கு மேல் புகழாமலேயே.

நம் கரைக்காரர்களுக்கு ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவிலேயே வெளியே ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். நம் திருநெல்வேலிக்காரர்கள் ஏன் செய்யவில்லை என்ற உறுத்தலோடு திரும்பினார். மறு ஆண்டே இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இதை எழுதுகிற நம் பிள்ளைகள் உடனே அவரைப் போட் மெயிலில் ஏற்றிப் பாம்பன் பாலத்தைக் கடக்க வைத்துத் தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றிவிடுகிறார்கள். நம் ஊர் வழியாகப் போனார் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். பாலம் திறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே மனிதர் போய்விட்டு வந்துவிட்டார். ஆசையை அடக்குங்கள்.

மனைவியை எழுதுங்கள்

கத்தோலிக்க ஆயருக்கும் ஆங்கிலிக்கன் பேராயருக்கும் அடுத்த வீட்டாருக்குத் தெரிகிற முதல் வேறுபாடு இது. மலர்களில் "இவருக்கு ஏற்ற துணைவியார்" என்று அரை வரி வரும். எலைசா மால்ட் நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். 1844-ல் கால்டுவெல்லை மணந்தபோது அவருக்குத் தமிழ் சிறுவயதிலிருந்தே பழகிய பேச்சு. கணவருக்கோ படித்து வந்த மொழி. இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதும், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பெண்கள் கையில் சொந்தக் காசு வந்தது எப்படி என்று ஒரு ஊரின் கதையையே அங்கிருந்து எழுதலாம். ஒப்பிலக்கணத்தைப் படிக்காத எங்கள் பாட்டிமார்களுக்கும் இடையன்குடி லேஸ் தெரியும். அசரியாவின் மனைவி அன்பு மரியம்மாள் தெலுங்கு நாட்டுக் கிராமங்களில் பெண்களிடையே பல ஆண்டு வேலை செய்தவர். இவர்களுக்கு ஒரு முழுப் பக்கமாவது கொடுங்கள். அதுபோலவே உபதேசியார்களுக்கும். பேராயர் ஆண்டுக்கு ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் சபையைத் தாங்கியவர் உபதேசியார்.

சங்கடமான பக்கம்

கமிட்டியில் இதற்குத்தான் சண்டை வரும். "பண்டிகை மலரில் இதெல்லாம் எதற்கு?" என்பார்கள். எழுதத்தான் வேண்டும், ஆனால் எழுதுகிற முறை இருக்கிறது.

கால்டுவெல் 1849-ல் நாடார் சமூகத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்த மக்களைத் தாழ்த்தியும், அவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றும் எழுதியிருந்தது அந்த மக்களையே புண்படுத்தியது. அவருடைய சபைகளில் பெரும்பாலோர் அவர்கள்தான். நாசரேத்துப் பக்கம் சட்டாம்பிள்ளை என்பவர் ஐரோப்பிய மிஷனரிகளிடமிருந்து பிரிந்து 1857-ல் தனிச் சபையே தொடங்கினார். அந்த நூலை எதிர்த்த குரல்களில் அவருடையது முக்கியமானது. இதை ஒரு குற்றப்பத்திரிகையாகவும் எழுத வேண்டாம், "சிறு மனஸ்தாபம்" என்று மெழுகவும் வேண்டாம். நூல் வந்த ஆண்டு, அதில் இருந்தது என்ன, யார் எதிர்த்தார்கள், என்ன நடந்தது என்று நான்கு வரியில் நேராக எழுதிவிட்டு நகருங்கள். இடையன்குடியில் 33 ஆண்டுகள் கட்டி 1880-ல் பிரதிஷ்டை செய்த ஆலயமும் அவருடையதுதான், அந்த நூலும் அவருடையதுதான்.

அசரியாவுக்கும் இப்படி ஒன்று உண்டு. இந்தியரைப் பேராயராக்குவதை எதிர்த்தவர்கள் ஐரோப்பியர் மட்டும் அல்ல. நம் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களிலும் சிலர் எதிர்த்தார்கள், அதில் சாதியும் இருந்தது. சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் விடாப்பிடியாக நின்றதால் காரியம் நடந்தது. வெள்ளைக்காரர்மேல் மட்டும் பழியைப் போட்டு எழுதினால் கைதட்டல் கிடைக்கும், வரலாறு கிடைக்காது.

பொய்ப் புகழையும் இதே கண்டிப்போடு பாருங்கள். "திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று முதன்முதலில் கண்டறிந்தவர் கால்டுவெல்" என்று எல்லா மலரிலும் வருகிறது. 1816-லேயே சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் அதை எழுதி அச்சிலும் ஏற்றிவிட்டார். கால்டுவெல் செய்தது அதை மிகப் பெரிய அளவில், பல மொழிகளுக்கு விரித்து நிறுவியது. அந்த எல்லிஸ் 1819-ல் இறந்த ஊர் எது தெரியுமா? நம் ராமநாதபுரம். உள்ளூர்ப் பெருமை வேண்டுமானால் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உண்மையான பெருமை.

எழுதும்போது

"எளிய குடும்பத்தில் பிறந்து, அயராத உழைப்பால் உயர்ந்து, உலகம் போற்றும் உத்தமராக விளங்கினார்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றி உங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவருக்கும் போடலாம், பொருந்தும். எந்த ஆளுக்கும் பொருந்துகிற வாக்கியம் உங்கள் ஆளுக்கு வேண்டாம். அதே அசரியாவை இப்படி எழுதிப் பாருங்கள்:

"வெள்ளாளன்விளைக் குருவானவர் தாமஸ் வேதநாயகம் 1889-ல் இறந்தபோது மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். பட்டம் வாங்காமலேயே வெளியே வந்தார். 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரை அழைத்து டாக்டர் பட்டம் கொடுத்தது."

உத்தமர் என்ற சொல்லே இல்லை. இரண்டு உண்மைகளை அருகருகே நிறுத்தினோம். மற்றதை வாசகர் பார்த்துக்கொள்வார். எடின்பரோ மிஷனரி மாநாட்டில் அசரியா பேசியதையும் இப்படித்தான் எழுத வேண்டும். 1910-ல், குருப்பட்டம் வாங்கிய மறு ஆண்டு, உலகமெங்குமிருந்து கூடிய மிஷனரிகள் நிறைந்த மண்டபத்தில் எழுந்து, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தந்தீர்கள், அன்பையும் தாருங்கள், நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். இதற்குப் பிறகு "வீர முழக்கமிட்டார்" என்று எழுதாதீர்கள். அவர் முழங்கவில்லை, கேட்டார்.

"அவர்கள்" என்பதை முதல் வரியில் ஒரு தடவை போட்டால் போதும். வரிக்கு வரி "பேராயர் அவர்கள்" என்று வந்தால் பக்கம் முழுக்க அவர்களே நிரம்பிவிடுவார்கள். மகா கனம், பேரருட்திரு எல்லாம் தலைப்போடு நிற்கட்டும்.

முடிவை மரணத்தோடு நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அவர் கட்டிய ஆலயத்தின் பலிபீடத்தின்கீழ் வைத்தார்கள். அங்கே நிறுத்தலாம். அசரியாவுக்கு அது போதாது. 1919-ல் தரங்கம்பாடியில் கூடிப் பேசித் தொடங்கிய சபை ஐக்கியத்துக்காக அவர் கடைசிவரை உழைத்தார். ஐக்கியம் வந்த 1947-ல் அவர் இல்லை. நம் திருமண்டலம் அந்த ஐக்கியத்தில் பிறந்தது. ஆகவே அவர் வாழ்க்கையை 1945-ல் நிறுத்தாமல் 1947 வரை இழுத்து வாருங்கள். நம் ஆலயத்து வாசல் வரைக்கும் வந்துவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்

எழுதியதை ஆண்டுகளை மட்டும் பார்த்து ஒருவர் படிக்கட்டும்; பெயர்களை மட்டும் பார்த்து இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் எதையும் பார்க்க மாட்டார். அச்சகத்தில் எழுத்துரு மாற்றும்போது எண்கள் இடம் மாறும். ஒரு மலரில் 1841 என்பது 1481 ஆகிக் கால்டுவெல் வாஸ்கோடகாமாவுக்கு முன்பே வந்திறங்கிவிட்டார். படத்துக்குக் கீழே யார், எங்கே, எந்த ஆண்டு என்று இருக்க வேண்டும். "பேராயருடன் சபையார்" என்று மட்டும் போட்டால், ஐம்பது ஆண்டு கழித்து அந்தச் சபையாரில் ஒருவர் பெயரும் மிஞ்சாது. நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, இன்றைக்கே, தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

அச்சானதும் இரண்டு பிரதிகளைப் பதிவேடுகள் இருக்கிற அலமாரியில் வையுங்கள். எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து எதை எடுத்தீர்கள் என்ற குறிப்புத்தாளையும் அதற்குள் மடித்து வையுங்கள். ஒரு பிரதியைத் திருமண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பழைய புகைப்படம் கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்கு நீங்களே போய், படத்தையும் ஒரு மலரையும் கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அசனச் சாப்பாட்டுக்கு உட்காருங்கள்.